ஈய பெல்ட்டில் மாட்டிய பெட்டி

ஏரியில் தொலைந்த மோதிரங்களை மெட்டல் டிடெக்டரோடு மூழ்கித் தேடுவதுதான் ‘முக்குளிப்பான்’ என்று பெயரெடுத்தவரின் பிழைப்பு. டிடெக்டரின் பேட்டரிப் பெட்டியைச் சுமந்து கை கடுத்தது. பெட்டியிலிருந்து கையிலிருக்கும் தேடுவளையத்துக்குப் போகும் கேபிள் வேறு பாறையில் உரசி அடிக்கடி அறுந்து தொலைத்தது. தையல்காரியான மனைவி, பெட்டியை, நீரில் அமிழ்வதற்காக அவர் இடுப்பில் கட்டும் ஈய பெல்ட்டில் மாட்டி, கேபிளை நீச்சல் உடுப்பின் கைநெடுக உறைபோட்டுத் தைத்தாள்.

“யானை கட்டி இழுத்தாலும் பிரியாதுங்க.”

நேற்று ஏரியடியில் காற்றுக்குழாய் மக்கர் பண்ணியது. மேலே மிதந்து வர, பழக்கதோஷத்தில் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். அந்தச் சனியன் விழவில்லை. தைத்த கேபிளில் தொங்கி அவரைக் கீழே இழுத்தது. கத்தியால் கேபிளை உடுப்போடு அறுத்துத் தப்பினார்.

கரையில் நின்றவள் கிழிந்த உடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். “ஐயோ, தையல் பிரிஞ்சுபோச்சா?”

“ஒரு நூல்கூடப் பிரியலடி.”