அஞ்சலையம்மா கட்டிய அட்டை

காலையில் லேத்தை ஓடவிட்டு முதல் தண்டைக் கடைந்துகொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அஞ்சலையம்மாவின் மகன் கணேசன். "சார், அம்மா போயிட்டாங்க. டீ போட்டு வச்சிட்டு நெஞ்ச பிடிச்சிக்கிட்டு உக்காந்தாங்க, அவ்வளவுதான்" என்றான். முந்தின நாள் சாயங்காலம்தான் "நாளைக்கு சீக்கிரம் வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர். லேத்தை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன். பேக்கிங்கில் இருக்கும் ஜீவா ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள்.

நம் பட்டறையில் அவரோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்கள் யாராவது படித்தால், அவர்களுக்கு ஒரு விளக்கம். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் பட்டறையில் பின்பால் என்ற விளையாட்டு மெஷின்களுக்கு உதிரிபாகம் செய்கிறோம். கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு உருண்டு வரும். பொத்தானை அழுத்தினால் இரண்டு சின்ன ஃப்ளிப்பர்கள் எழும்பி அதை மேலே தட்டிவிடும். அஞ்சலையம்மா அவற்றைத் துடுப்பு என்பார். பட்டறையில் எல்லோர் வாயிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. துடுப்பைத் தூக்குவது, செப்புக்கம்பி சுற்றிய காயிலுக்குள் போய்வரும் விரல் நீள இரும்புத் தண்டு. அது வழவழவென்று இருக்க வேண்டும். ஒரு புள்ளி துரு பிடித்தாலும் சிக்கிக்கொள்ளும்.

அவர் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர். மழைக்காலத்தில் அங்கே வேலை இல்லாததால் எங்களிடம் இரும்புச் சீவலைக் கூட்ட வந்தார். அப்போது எங்கள் தண்டுகள் இங்கே பளபளவென்று கிளம்பி, வெளிநாட்டில் போய்ப் பிரிக்கும்போது பழுப்புப் புள்ளியோடு இருக்கும். நான் இரும்பைத் திட்டினேன், எண்ணெயைத் திட்டினேன், கூரியர்காரரைத் திட்டினேன். ஒருநாள் அஞ்சலையம்மா கழுவிக் காயவைத்த தண்டு ஒன்றை எடுத்து நுனிநாக்கில் வைத்தார்.

"சார், உப்பு கரிக்குது. போர் தண்ணியிலயா கழுவுறீங்க?"

"ஏம்மா, இரும்பைப் போய் நக்குறீங்களே!" என்று கத்தினேன்.

"உங்களுக்கு கண்ணாடி இருக்குது, எனக்கு நாக்கு இருக்குது" என்றார், சிரிக்காமல்.

அன்றிலிருந்து பிரம்மதேசம் பக்கத்திலிருந்து டேங்கரில் நல்ல தண்ணீர் வரவழைத்தோம். கடைசிச் சோதனை அவருடையது. எந்தப் பெட்டியாவது சரியில்லை என்றால் அட்டைத் துண்டில் காரணத்தை எழுதி, சணல் கயிற்றால் கட்டிவிடுவார். அந்த அட்டை தொங்கும் பெட்டி வெளியே போகக் கூடாது. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

கீழ்புத்துப்பட்டு பக்கம் ஒரு ரிசார்ட்டில் பழைய மெஷின் ஒன்றைப் பராமரிக்க மாதம் ஒருமுறை போவோம். நான் அடியில் படுத்து ஒயரைப் பார்ப்பேன். அவர் ரப்பர் வளையங்களை மாற்றிவிட்டு, "செக் பண்றேன் சார்" என்று விளையாட ஆரம்பித்துவிடுவார். "ஏய், எங்கடா ஓடுற? வா இங்க!" என்று குண்டை அதட்டுவார். ரிசார்ட்டுக்கு வந்த விருந்தினர்கள் சுற்றி நின்று கைதட்டுவார்கள். நான் மேலே வந்து, "செக் பண்ணது போதும்" என்றால், "இன்னும் ஒரு சந்தேகம் இருக்குது சார்" என்று இன்னொரு குண்டை விடுவார்.

எழுத வேண்டியதை எழுதாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு, கோடையில், ஒரு பெரிய ஆர்டர் போகவேண்டிய நாள். டேங்கர் வரவில்லை. மதியம் கூரியர் வண்டி வந்துவிடும். "போர் தண்ணியில கழுவி, நல்லா தொடச்சி, எண்ணெய் போட்டா போதும்" என்றேன். "நான் கழுவ மாட்டேன் சார்" என்றார். என் கோபம் உங்களுக்கெல்லாம் தெரியும். நானே கழுவினேன். அவர் பெட்டியில் அட்டையைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். வண்டி வந்தது. நான் அட்டையை அவிழ்த்து மேஜை டிராயரில் போட்டுவிட்டுப் பெட்டியை ஏற்றிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் படங்கள் வந்தன. எல்லாத் தண்டும் துரு. எப்படி நடந்தது என்று வாங்கியவர் கேட்டார். சோதனை செய்தவரின் கவனக்குறைவு, அவரை அந்த வேலையிலிருந்து மாற்றிவிட்டோம் என்று எழுதினேன். எழுதியதற்காக மாற்றவும் செய்தேன். அஞ்சலையம்மா என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"சார், நான் அட்டை கட்டினேன்தானே?"

"அட்டை எதுவும் இல்லையேம்மா" என்றேன்.

டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். "சரிங்க சார்" என்று போய்விட்டார்.

வேறு யாராலும் அந்தச் சோதனையைச் செய்ய முடியவில்லை. சீக்கிரமே அவரைத் திரும்ப அங்கேயே உட்காரவைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு, அட்டை கட்டும்போதெல்லாம் ஜீவாவைக் கூப்பிடுவார். "இங்க வாம்மா. பாரு, கட்டிட்டேன். பாத்தியா?" ஒவ்வொரு முறையும். எனக்கு எரிச்சலாக இருக்கும். என்னை நம்பாமல் சாட்சி வைக்கிறார், என்னைக் குத்திக்காட்டுகிறார் என்றே மூன்று வருடமும் நினைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது கணேசன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்கு நன்றி சொல்லணும் சார். அந்தத் துரு விஷயத்துல வேற ஆளா இருந்தா அம்மாவ நிப்பாட்டியிருப்பாங்க. அம்மாவே சொல்லுவாங்க, 'கட்டினது கண்ணுக்குள்ள நிக்குதுடா, ஆனா கட்டல போல இருக்குது, என் புத்தி கெட்டுப்போச்சு'ன்னு. அப்புறம் வீட்டுலயும் கேஸ மூடிட்டு ரெண்டு தடவ எழுந்து போய் பாப்பாங்க."

என்னைக் குத்திக்காட்டவில்லை. தன் கையைத்தான் நம்பாமல் போயிருக்கிறார். அந்த நாக்கை நம்பித்தான் எங்கள் பட்டறையே நடந்தது. அப்படிப்பட்டவரை, ஒரு பொய் சொல்லி, அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகப்பட வைத்துவிட்டேன். அப்போதாவது கணேசனிடம் உண்மையைச் சொன்னேனா? "பரவாயில்லப்பா" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன். சீ!

அந்த அட்டையை நான் ஏன் கிழித்துப் போடவில்லை என்று எனக்கே தெரியாது. கருமாதியன்று அதை எடுத்துக்கொண்டு போனேன். பந்தலில் உறவுக்காரர்களும் நம் பட்டறைக்காரர்களும் உட்கார்ந்திருக்க, நடந்ததைச் சொல்லிக் கணேசனிடம் கொடுத்தேன். கோணலான எழுத்தில், 'உப்புத் தண்ணி. அனுப்பாதீங்க. அஞ்சலை.' சணல் கயிறும் அப்படியே இருந்தது. அவன் இரண்டு முறை படித்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். "இத அம்மா இருக்கும்போது குடுத்திருக்கலாமே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தான். ஜீவா என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது. வாங்கியவருக்கும் உண்மையை எழுதிவிட்டேன்.

அட்டை இனி அந்த வீட்டில் இருக்கும். அவருடைய நாக்கு எனக்கு வராது. எத்தனை தண்டை நாக்கில் வைத்துப் பார்த்தாலும் எனக்கு இரும்பு ருசிதான் தெரிகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, மேஜை முன்னால் நின்று கேட்டாரே, அந்தக் கேள்வி ஒன்றுதான்.

கட்டினீங்க அஞ்சலையம்மா. நான்தான் அவிழ்த்தேன்.