குங்குமம் வைத்த ஹோம் பிளேட்

கோகிலவாணி கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடிய காலத்தில் அவளுடைய அப்பா தனசேகரன் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் நேரில் பார்த்தார். களமருதூரில் நடவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மனிதர், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "அடிச்சிட்டு மட்டைய கீழ போட்டுட்டு ஓடுதுங்களே, இது இன்னா கிரிக்கெட்டு?" அந்தப் பக்கத்து ஆளுக்கும் தெரியவில்லை. மகளோ மட்டை பிடித்தவளுக்குப் பின்னால் முகமூடி மாட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "காலேஜுக்கு அனுப்பிச்சா, மூஞ்சியக்கூட காட்டாம குந்திக்கினு கெடக்குது" என்று வீட்டுக்கு வந்து புலம்பினார்.

அவர் குறை என்று நினைத்ததில்தான் மகளின் கெட்டிக்காரத்தனமே இருந்தது. களத்தில் மற்ற எட்டுப் பேரும் மட்டைக்காரியைப் பார்த்து நிற்பார்கள். பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் ஒருத்திதான் அந்த எட்டுப் பேர் முகத்தையும் பார்ப்பாள். எவள் பயந்திருக்கிறாள், எவள் பசியில் இருக்கிறாள், எவளுக்குக் கவனம் இல்லை என்பதெல்லாம் கோகிலவாணிக்கு முகமூடிக் கம்பி வழியாகவே தெரிந்துவிடும். உடனே சத்தம் போடுவாள். கோகிலாவின் வாயைக் கட்டிவிட்டால் கையும் ஓடாது என்று தோழிகள் கேலி செய்வார்கள். இரண்டு வருடம் பல்கலைக்கழக அணியில் ஆடினாள். மாநில அணிக்கான தேர்வுக்குப் போன இடத்தில் மட்டையில் உரசித் திரும்பிய பந்து வலக்கை விரலை உடைத்தது. அந்த விரல் பிறகு நேராகவே இல்லை. அழுதாள், நன்றாகவே அழுதாள். அழுது முடித்துவிட்டு உடற்கல்விப் படிப்பில் போய்ச் சேர்ந்தாள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மகளிர் கல்லூரியில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததே தவிர ஆட ஆள் கிடைக்கவில்லை. மலைக்குக் கீழே இருக்கும் ஊர்களில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வெயில்ல கறுத்துப் போனா எவன் கட்டுவான்?" பெண்கள் வெயிலில் களை எடுத்தால் கறுக்க மாட்டார்கள் போலிருக்கிறது, பந்து பிடித்தால்தான் கறுப்பார்கள்! கோகிலவாணி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மலைக்குப் பஸ் ஏறிவிட்டாள். வெள்ளிமலையில் இறங்கிப் பள்ளிக்கூடங்களில் விசாரித்து, கரியாலூர்ப் பக்கம் ராமன், செங்கம்மாள் வீட்டுக்குப் போய் நின்றாள். அவர்கள் மகள் நர்மதா பள்ளி ஓட்டப் போட்டிகளில் யாரையும் பக்கத்தில் விடாதவள்.

"பந்து ஆடுறதுக்கா பொண்ண அனுப்பச் சொல்றீங்க?" என்றார் ராமன்.

"ஆமாங்க. படிப்பு, சாப்பாடு, ஹாஸ்டல் எல்லாம் காலேஜ் பாத்துக்கும். பந்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நர்மதா மலை இறங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். மூன்று வருடத்தில் பாதி அணி மலைப் பெண்களாகிவிட்டது. அவர்களில் ஒருத்திக்கும் சொந்தமாக ஃபீஸ் கட்ட வழியில்லை. அணியில் இருக்கும்வரைதான் படிப்பு.

அந்த வருடம் நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. மண்டலப் போட்டியில் இறுதி ஆட்டத்துக்குப் போகாவிட்டால் சாஃப்ட்பால் அணி கிடையாது. மைதானத்தில் கல்லூரிப் பேருந்துகளை நிறுத்தப் போகிறார்கள். கோகிலவாணிக்குத் தன் வேலை போவதைவிட, பெண்களைத் திரும்ப மலையேற்றி ராமன் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் உறுத்தியது.

அரையிறுதி அவர்கள் மைதானத்திலேயே, ஆயுதபூஜை விடுமுறை முடிந்த மறுநாள். விவசாய வீட்டுப் பெண் சும்மா இருப்பாளா? களமருதூரில் டிராக்டரிலிருந்து களைக்கொத்து வரைக்கும் பொட்டு வைத்துப் பழகிய கை. விடுமுறை விடும் அன்று மட்டை, கையுறை, தலைக்கவசம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஹோம் பிளேட்டையும் பெயர்த்து வந்து நடுவில் வைத்து, மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டிவிட்டாள். ஹோம் பிளேட் என்பது ஐந்து மூலை உள்ள வெள்ளை ரப்பர் தகடு. களத்தின் மற்ற மூன்று முனைகளான பேஸ்களையும் சுற்றி ஓடி வந்து கடைசியில் அதைத் தொட்டால்தான் ஒரு ஓட்டம்; அதற்குள் எதிரணியாள் பந்தோடு வந்து மேலே தொட்டுவிட்டால் அவுட். பெண்கள் அதை விழுந்து கும்பிட்டுப் பொரிகடலை தின்றுவிட்டு ஊருக்குப் போனார்கள்.

ஆட்டத்தன்று தகட்டைக் கழுவித் துடைத்துத் திரும்பப் பதித்தார்கள். மஞ்சளைத் துடைக்கலாம், சாமியைத் துடைக்க முடியுமா?

கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் இரண்டு பக்கமும் ஒரு ஓட்டம்கூட இல்லை. கடைசியாக மட்டை பிடித்தது இவர்கள் பக்கம்; மூன்றாம் பேஸில் நர்மதா. மட்டை பிடித்திருந்த அணித்தோழி ஷாலினி ஓங்கி அடித்தாள். நர்மதா பறந்தாள். களத்திலிருந்து வீசிய பந்தை எதிரணி கேட்சர் தவறவிட, அது வேலிவரை உருண்டது. ஜெயித்தாயிற்று என்று பெண்கள் கத்திக்கொண்டு எழுந்தார்கள். நடுவரின் கை மட்டும் அசையவில்லை. ஏனென்றால் நர்மதா தகட்டை மிதிக்கவில்லை. மிதிக்காததோடு, தாண்டவும் மனம் வராமல், கோயிலில் பலிபீடத்தைச் சுற்றிப் போவதுபோல் ஒதுங்கிச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"மிதிடீ நர்மதா, மிதி!" என்று கோட்டுக்கு வெளியே இருந்து அலறினாள் கோகிலவாணி.

நர்மதா தகட்டைப் பார்த்தாள். "சாமி வெச்சதுங்க மேடம்!"

எதிரணி கேட்சர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். பூஜை போட்டது யார்? இன்னொரு பயிற்சியாளராக இருந்தால் மறுபடியும் "மிதி" என்றுதான் கத்தியிருப்பார். ஆனால் கோகிலவாணி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். தலை போனாலும் இவள் மிதிக்க மாட்டாள் என்று தெரிந்தது.

"மிதிக்காத! தொட்டுக் கும்புடுடீ!"

நர்மதா மண்டியிட்டு விழுந்தாள். இரண்டு கையும் தகட்டில் பதிந்தன. அதற்குப் பிறகுதான் பந்தோடு வந்த கையுறை அவள் முதுகில் இறங்கியது. காலால் தொட்டால் என்ன, கையால் தொட்டால் என்ன, ஓட்டம் ஓட்டம்தான். ஓட்டம் செல்லும் என்று நடுவர் இரண்டு கைகளையும் விரித்தார்.

இறுதி ஆட்டத்துக்குப் போயாயிற்று. அணி பிழைத்தது, ஹாஸ்டல் பிழைத்தது. பெண்கள் கட்டிப் புரண்டு கத்தினார்கள். நர்மதா மட்டும் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே மண்டியிட்டிருந்தாள். கோகிலவாணி ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள். தூக்கி அணைத்துக்கொள்ளத் துடித்தும், கும்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"ஜெயிச்சாச்சேடி, இன்னும் இன்னா வேண்டிக்கினு இருக்க?"

"வேண்டிக்கலீங்க மேடம்" என்றாள் நர்மதா, மூச்சு வாங்கிக்கொண்டே. "உங்களை மன்னிச்சிடச் சொல்லிக் கேட்டேன். மிதின்னு சொல்லிட்டீங்களே."