பெயர் கேட்ட கார்ட்டர் அம்மையார்

சென்ற வாரம் எங்கள் தமிழ்ச் சங்கத்து முரளி தொலைபேசியில் கூப்பிட்டார். "அங்கிள், நம்ம கார்ட்டர் மிஸ் தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்காம். சங்கத்து மலருக்கு நீங்கதான் எழுதணும். நல்லதா நாலு வார்த்தை." எனக்கு அந்தத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுத முயல்கிறேன்.

அமெரிக்காவில், இர்விங் நகரில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு எதிரே உள்ள பள்ளியில் அவர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, கறுப்பினப் பெண்மணி. மகன் வீட்டில் பொழுது போகாமல் இருந்த நான், அந்தப் பள்ளி நூலகத்தில் புத்தகம் அடுக்கப் போனேன். முதல் நாளே நான் அடுக்கிய அலமாரித் தட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேராக அடுக்கினால் பிள்ளைகள் எடுக்கவே பயப்படுவார்கள், மிஸ்டர் சுந்தரம்" என்று சிரித்தார்.

முரளியின் மகள் அனு சென்னையிலிருந்து வந்த புதிதில் ஆங்கிலம் வராமல் அழுவாள். பள்ளி விட்ட பிறகும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசப் பழக்கியவர் கார்ட்டர் அம்மையார்தான். முரளி வீட்டிலிருந்து அவருக்கு இட்லி போகும்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைச் சொல்லிக்கொடுப்பார். தம் கதையிலிருந்தே தொடங்குவார். சிறுமியாக இருந்தபோது ஊர்ச் சிற்றுண்டிக் கடையின் பின்பக்க ஜன்னலில் நின்று சாப்பாடு வாங்கியது; கல்லூரி நாளில் நண்பர்களோடு முன்வாசல் வழியாகவே போய் உட்கார்ந்தது; யாரோ தலையில் காப்பி ஊற்றியது. பிறகு பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருவார்: "உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஊரில் யாரை உள்ளே விடவில்லை? கேட்டு வாருங்கள்."

அனு கேட்டாள். முரளியும் வேடிக்கையாகச் சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளி நான் பின்வரிசையில் இருந்தேன். அவள் எழுந்து சொன்னாள்: "எங்கள் தாத்தா வீட்டில் வேலை செய்த ஆயாவுக்குத் தனி டம்ளர். அது கொல்லையில் கவிழ்த்தபடி இருக்கும். ஆயா சமையலறைக்குள் வரக்கூடாது."

கார்ட்டர் அம்மையார் யாரையும் குறை சொல்லவில்லை. "அவர் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார். அனுவுக்குத் தெரியவில்லை. "கேட்டு வந்து சொல்."

அதற்கடுத்த வெள்ளி அந்த வகுப்பே இல்லை. அதற்குப் பதிலாகக் கணக்கு. "நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா?" என்று கார்ட்டர் அம்மையார் என்னிடம் கேட்டார். கால அட்டவணை மாற்றம் என்றுதான் நம்மவர்கள் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதையே அவருக்கும் சொன்னேன். ஓய்வு பெறும்வரை அந்த வகுப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

நேற்று பள்ளியில் இரங்கல் கூட்டம். கணக்குக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று அன்று கேட்டு வந்த இந்தியப் பெற்றோரைத் தலைமையாசிரியர் பாராட்டினார். முன்னின்றவர் முரளி என்றார். அடுத்து முரளி எழுந்தார். கார்ட்டர் அம்மையார் பெயரில் சங்கம் ஆண்டுதோறும் கணக்குப் போட்டி நடத்தும் என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

முரளியின் காரில்தான் நான் வீடு திரும்ப வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்: "ஏன் முரளி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நேரா அவங்ககிட்ட போய் ஒளறிடுவீங்களே அங்கிள்" என்று சிரித்தார். "கிளாஸ்ல அத்தனை பேர் முன்னாடி நம்ம வீட்டு மானம் போச்சு. அந்தப் பாடம் வேணாம்னா நம்மளையே ரேசிஸ்ட்டும்பாங்க. மேத்ஸ் வேணும்னா யாரு கேக்கப் போறா?"

அவர்களுடைய பொய்யை அந்த அம்மையாரிடம் கொண்டு சேர்க்க என் வாய் பயன்பட்டிருக்கிறது. அவர் தம்மையே சந்தேகித்தபடி போய்விட்டார். அதை நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை.

பின் இருக்கையில் அனு இருந்தாள். உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டாள். எது கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். நேற்று தமிழில் கேட்டாள். "அப்பா, அந்த ஆயா பேரு என்ன?"

முரளி கண்ணாடியைச் சரிசெய்தார். "தெரியலம்மா. ஊருக்கு போன் பண்ணி பாட்டியதான் கேக்கணும்."

"அப்ப கேளுங்க."

அவர் சாவியைத் திருகவில்லை.

அம்மையாரே, கணக்குப் போட்டிக்கு உங்கள் பெயரை வைக்க வேண்டாம் என்று சங்கத்தாரை இந்த மலரிலேயே கேட்டுக்கொள்கிறேன். அச்சிடுவார்களா, தெரியாது. உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அனு கேட்டுக்கொண்டிருக்கிறாள். போய் வாருங்கள்.