மச்சான்கள் சண்டையும் மத்திய வங்கியும்

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தினமும் வேலைக்கு வந்து போகிறவர்களுக்கு ரயிலில் அவரவர் இடம் என்று ஒன்று உண்டு. சீசன் டிக்கெட்டில் இருக்கை எண் எதுவும் இருக்காது. ஆனாலும் சீட்டாடுகிறவர்கள் எந்தப் பெட்டி, பஜனை பாடுகிறவர்கள் எந்தப் பெட்டி, கண்ணை மூடினால் பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில்தான் திறக்கிறவர்கள் எந்த மூலை என்பதெல்லாம் சட்டம் போட்டதுபோல நடக்கும். நான் உட்கார்ந்தது மச்சான்கள் பெட்டியில்.

மச்சான்கள் என்றால் இரண்டு பேர். ஒருவர் பெங்களூரில் ஒரு கல்லூரியில் பொருளாதார விரிவுரையாளர். இன்னொருவர் ஒரு வங்கியில் அதிகாரி, விரிவுரையாளரின் தங்கையைக் கட்டியவர். இருவரும் எதிரெதிர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரே டப்பாவிலிருந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே, இந்த நாட்டின் மத்திய வங்கி என்ன செய்ய வேண்டும் என்று இரண்டரை மணி நேரம் சண்டை போடுவார்கள். மாலை ரயிலில் விட்ட இடத்திலிருந்து தொடரும். சினிமா, அரசியல், பெண் கல்யாணம் எதற்கும் அங்கே இடமில்லை. வட்டி விகிதம், நோட்டு அச்சடிப்பது, விலைவாசி, இவ்வளவுதான்.

எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. நான் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. உயர்நிலை சுருக்கெழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வேகத்துக்குப் பயிற்சி வேண்டும், வீட்டில் யார் எனக்கு வாசித்துக் காட்டுவார்கள்? ஒருநாள் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து இவர்கள் பேசுவதையே எடுத்துப் பார்த்தேன். சூடேறினால் இருவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். நல்ல வேகம், நல்ல உச்சரிப்பு, காசு கொடுத்தாலும் கிடைக்காத பயிற்சி. விரிவுரையாளர் பேசினால் இடது ஓரத்தில் ஒரு கோடு, வங்கிக்காரர் பேசினால் வலது ஓரத்தில் ஒரு கோடு. தேர்வில் தேறிய பிறகும் நிறுத்த முடியவில்லை. இவர்களும் விடவில்லை. "நேத்து நான் இன்னா சொன்னேன், படிம்மா" என்று ஒருவர் கேட்பார், நான் படிப்பேன், மற்றவர் தலையில் அடித்துக்கொள்வார். பெரிய வழக்குக்கு நடுவில் என்னைப் போட்டதுபோல இருந்தது.

விரிவுரையாளர் சொன்னது இது. வேலை இல்லாமல் மனிதன் சும்மா இருப்பதைவிடப் பெரிய நஷ்டம் நாட்டுக்கு இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் அரசு செலவு செய்ய வேண்டும், மத்திய வங்கி அதற்குத் தோள் கொடுக்க வேண்டும், கையில் பணம் வந்தால் கடை ஓடும், கடை ஓடினால் ஆலை ஓடும். வங்கிக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். பொருள் அதே அளவு இருக்கும்போது நோட்டு மட்டும் கூடினால் விலைதான் கூடும், அந்த அடி முதலில் ஏழை வயிற்றில் விழும், அரசு கேட்டதும் அச்சடித்துக் கொடுக்கும் கையை முதலில் கட்ட வேண்டும் என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும். உலகத்தில் பெரிய பெரிய மூளைகள் இதே இரண்டு ஜன்னலோரங்களில் உட்கார்ந்து இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று தெரிந்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. நாம் தினமும் கையில் பிடிக்கிற காகிதத்தைப் பற்றி யாருக்குமே முழுசாகத் தெரியாதா?

என் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டின் இயந்திரத்தை ஓட்டுபவர். பல ஆயிரம் அடி ஆழத்திலிருந்து மணி அடித்தால் எத்தனை முறை என்று எண்ணித்தான் இவர் கை நகரும். தொண்ணூற்றொன்றில் நாட்டின் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தார்கள் என்று செய்தி வந்தபோது, அதில் நம்ம தங்கம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். நான் ரயிலில் கேட்டு வந்ததைச் சொன்னேன். நோட்டுக்குப் பின்னால் தங்கம் இருக்கிறது என்று நாம் நினைப்பது தப்பு, பேருக்குக் கொஞ்சம் வைத்திருந்தால் போதும், மேலே எவ்வளவு வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அவர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேராக விரிவுரையாளர் வீட்டுக்கே போய்விட்டார். அங்கே வங்கிக்காரரும் இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு மச்சான்களும் ஒரே குரலில் பேசினார்களாம், தங்கத்துக்கும் நோட்டுக்கும் இப்போது அப்படி ஒரு கட்டு இல்லை என்று. திரும்பி வந்தவர் ஒரு பத்து ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "அப்ப இது வெறும் நம்பிக்கதான்னு சொல்லு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, கோயிலில் பேசுகிற மாதிரி இருந்தது.

சில வருடங்களில் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பலமாகிவிட்டது. ஒரு டன் பாறையை உடைத்தால் ஒரு சிட்டிகை கிடைப்பதே அபூர்வம், தோண்டும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிப்போய்விட்டது. எங்களுக்கு அது கணக்கு இல்லை. அவருடைய வேலை, நாங்கள் இருந்த கம்பெனி வீடு, அவருடைய நெஞ்சு நிமிர்வு எல்லாம் அந்தக் கூண்டோடு சேர்ந்தது. வேறு எந்த ஊரிலும் அவர் கற்ற தொழிலுக்கு வேலை கிடையாது. டெல்லியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது, அதற்கு நல்ல மனு வேண்டும் என்று தொழிலாளர்கள் விரிவுரையாளரைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் ஏழு வருஷமாக உன் நோட்டில் சொல்லிவிட்டேன், இடது கோடு போட்டதை எல்லாம் எடுத்து டைப் அடித்துக் கொடு என்றார்.

மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து அடித்தேன். என் கணவரின் சோறு அந்தப் பக்கங்களில் இருக்கிறது என்ற நினைப்பில் விரல் பறந்தது. விரிவுரையாளர் என்மேல் இருந்த நம்பிக்கையில் மேலோட்டமாகப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மனு டெல்லிக்குப் போய்விட்டது.

ஒரு பிரதியை ரயிலில் வங்கிக்காரரிடம் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவர் நான்காம் பக்கத்தில் நின்றார். திரும்பப் படித்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கன்டோன்மென்டில் விரிவுரையாளரும் மற்றவர்களும் இறங்கிப் போன பிறகு பிளாட்பார பெஞ்சில் என்னை உட்காரச் சொல்லி அந்தப் பத்தியைக் காட்டினார். நஷ்டத்தில் ஓடும் சுரங்கத்துக்கு அரசு பணம் தர வேண்டுமென்றால், அரசிடம் இல்லாதபோது மத்திய வங்கி அச்சடித்துத் தர வேண்டிவரும், அதனால் அரிசி விலை ஏறும், ஒரு தொழிலாளியின் சம்பளத்தைக் காப்பாற்றப்போய்க் கோடித் தொழிலாளிகளின் சம்பளத்தில் கை வைப்பதே இது. வார்த்தைக்கு வார்த்தை அவர் பேசியது. வலது ஓரத்தில் கோடு போட்டிருக்க வேண்டியது. சுரங்கத்தைக் காப்பாற்றச் சொல்லும் மனுவில், அதை ஏன் காப்பாற்றக் கூடாது என்பதை அழகாக அடித்து அனுப்பியிருந்தேன்.

அவர் திட்டவில்லை. "தப்பு தப்புதாம்மா. ஆனா நான் சொன்னது தப்பில்ல, அதான் கஷ்டம்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை அவர் கையால் எழுதிய நான்கு தாள்களோடு வந்தார். தன் பத்திக்குத் தானே எழுதிய மறுப்பு. விலை ஏற்றம் கோடிப் பேர்மேல் தூசிபோலப் பரவும், ஆனால் மூடுவது ஒரே ஊரின் தலையில் முழுசாக விழும், என் தத்துவத்தில் விலைக்கு இடம் இருக்கிறது, வேறு பிழைப்பே இல்லாத ஓர் ஊருக்கு இடம் இல்லை, அது தத்துவத்தின் குறையே தவிர ஊரின் குறை அல்ல. இப்படிப் போனது அது. தன் பெயர் வேண்டாம், இணைப்பாக அனுப்பு என்றார். விரிவுரையாளர் அங்கேயே வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்ளோ நல்லா என்னால எழுத முடியாது மாப்ள" என்றார். பிறகு என் தவறைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பத்தியை வாபஸ் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதில் உண்மை இருக்கிறது, அது இருந்தால்தான் மற்றதையும் மதிப்பார்கள் என்றார்.

ஒருவர் தன் நம்பிக்கைக்கு எதிராக எழுதுகிறார், இன்னொருவர் தன் நம்பிக்கைக்கு எதிரானதை இருக்கட்டும் என்கிறார். அந்த ரயிலில் அன்று நான் பென்சிலை எடுக்கவே இல்லை. மனிதர்களால் இப்படியும் இருக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாள் இட்லி டப்பாவைத் திறந்ததும் இரண்டு பேரும் பழைய ஜன்னலோரங்களுக்கே திரும்பி, ஒரு சொல்லும் விட்டுக்கொடுக்காமல் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

குழு வந்தது, போனது. சில வருடம் இழுத்துக் கடைசியில் மூடினார்கள். மனுவைப் பார்த்து யாரும் முடிவெடுக்கவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பெங்களூரில் ஜீவனஹள்ளிக்கு வாடகை வீட்டுக்கு வந்தோம். அவருக்குப் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் ஜெனரேட்டர் பார்க்கும் வேலை கிடைத்தது. கரண்ட் போனால் மட்டும் அவருக்கு வேலை. மற்ற நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த உட்கார்தல்தான் அவரைத் தேய்த்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போது மனுவின் பிரதி அவர் கையில் கிடைத்தது. தமிழில் படித்துச் சொல்லச் சொன்னார். நான்காம் பக்கம் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. அத்தனை வருடம் மறைத்து வைத்ததை அன்று சொல்லிவிட்டேன். ரயிலில் ஏதோ நெரிசலில் ஓரக் கோடு போட விட்டுப்போனது, அதனால் மாறிவிட்டது என்றேன்.

அவர் தாள்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"சுருக்கெழுத்துல பாதி எழுத்துதான் இருக்கும், மீதிய அர்த்தம் புரிஞ்சி நாமதான் போட்டுக்கணும்னு நீ சொல்லியிருக்கியே?"

"ஆமா."

"அப்ப அது இன்னா சொல்லுதுன்னு புரிஞ்சிதான அடிச்சிருப்ப?"

நான் டிரங்குப் பெட்டிக்குள் எதையோ தேடினேன். அவர் தாள்களைப் பழையபடி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, காபி இருக்கா என்று கேட்டார். நான் போட்டுக் கொடுத்தேன். எதிரில் என்னையும் உட்கார வைத்துக் குடித்தார். எத்தனையோ ஆயிரம் பேரை ஒரு கீறல் இல்லாமல் மேலே கொண்டுவந்த கைகள் அவை என்று அந்த நேரத்தில் தோன்றியது.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்தால் இந்தத் தடவை பதில் சொல்லிவிடுவேன். ஓரக் கோடு இல்லாத அந்தப் பத்தியை, அது சொல்வது புரிந்தும், விரிவுரையாளருடையது என்று நான் எடுத்துக்கொண்டதற்கு வேறு காரணம் கிடையாது. படித்ததும் எனக்கு அது சரி என்று பட்டது.