மீன்குடிலின் கதவில் ஒரு பெயர்

வென்டெல் ஸ்கார்போலின் சமையலறைக்குள் எந்தக் குழந்தையும் போகலாம். எந்தத் தாயும் போக முடியாது. தாய் வெளியே வண்டியிலேயே, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறந்தநாள் யாருடையதோ அந்தக் குழந்தை மட்டும் பனிக்காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மேசையின் எதிரே உட்கார்ந்து, தனக்கு எப்படிப்பட்ட கேக் வேண்டும் என்று சொல்லும். வென்டெல் ஒரு மஞ்சள் தாளில் எழுதிக்கொள்வான். குழந்தை சொன்னதை அப்படியே செய்வான். அவனுடைய சட்டம் அவ்வளவுதான்.

பகலில் அவன் வீடுகளுக்கு எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டினான். ஐம்பத்து மூன்று வயது, தனிக்கட்டை. மாலையில் கேக். ஊர் நூலகத்தில் கரடி, கார், இளவரசி என்று கேக் அச்சுகளை இரவல் கொடுப்பார்கள். அவன் அவற்றைத் தொட்டதில்லை. ஒருத்தி பல் மருத்துவரின் நாற்காலி கேட்டாள்; அந்தச் சின்ன விளக்கோடு, எச்சில் துப்பும் கிண்ணத்தோடு செய்து கொடுத்தான். ஒரு பையன் பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கையைக் கேட்டான். ரெக்சின் கிழிசலும் அதில் பிதுங்கும் பஞ்சும் தப்பவில்லை. இன்னொருவன் சாலையோரம் அடிபட்டுக் கிடந்த மானைக் கேட்டான். அதையும் செய்தான். அந்தப் பையனின் தாய் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாசலிலேயே அழுதாள்.

"கேக் செய்யற கையால கொஞ்சம் எரக்கமும் காட்டியிருக்கலாம் நீ."

"எரக்கம் வேணும்னா கடையில வாங்கிக்கோ. ரோஜாப்பூ போட்டுத் தருவாங்க."

காசு வாங்கமாட்டான். ஊரில் பலர் இதைத் தாராளம் என்று நினைத்தார்கள். காசு வாங்குகிறவன் பிறர் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும். வாங்காதவனை யாரும் எதுவும் கேட்க முடியாது. அவனுக்கு இது தெரியும். கைவேலையில் குறை சொல்ல இடமில்லை. மனிதனைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது.

அவனுக்கு ஒரே தங்கை, மார்னி. அவள் கணவன் லைல் ஓப்சால், வென்டெலின் பழைய மீன்பிடித் தோழன். அவனை வீட்டுக்கு முதலில் அழைத்து வந்ததே வென்டெல்தான். அந்த நவம்பரில் லைல் வீட்டை விட்டு வெளியேறினான். சிறிது நாள் யாருடைய கராஜிலோ இருந்துவிட்டு, ஏரி நன்றாக உறைந்ததும் தன் மீன்குடிலை இழுத்துக்கொண்டுபோய் பனிக்கட்டியின் மேல் நிறுத்தி அதிலேயே குடியிருக்கத் தொடங்கினான். பலகையால் ஆன சின்ன அறை. தரையில் தூண்டில் விட ஒரு துளை. மனிதர்கள் சனி ஞாயிறில் போய் உட்காரும் இடம். அதில் ஒருவன் குடித்தனம் செய்கிறான் என்பதை ஊர் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தது, வாய்மூடியே பேசிக்கொண்டும் இருந்தது. மார்னிக்கு லைலின் மேல் கோபம். அதைவிட அதிகக் கோபம் அண்ணன் மேல். ஏனென்றால் வென்டெல் ஒரு தடவைகூட "அவன் செய்தது தப்பு" என்று சொல்லவில்லை. தப்பு என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை. வாயை மூடாத பெண்ணோடு பதினொரு வருடம் இருந்தவனுக்கு அமைதி தேவைப்பட்டிருக்கும் என்பது அவன் கட்சி.

பிப்ரவரியில் மார்னியின் மகள் சிக்னிக்கு எட்டு வயதாகப் போகிறது. மார்னி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். மற்ற தாய்மாரைப் போல அவளும் வெளியே இருந்தாள். சிக்னி உள்ளே வந்து கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு. என்ன வேணும்?"

"அப்பாவோட குடில், மாமா."

வென்டெலின் பென்சில் சற்று நின்றது. பிறகு எழுதியது.

"எந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கணும்?"

"ஜன்னல் பக்கம். உள்ள லைட் எரியணும். எட்டிப் பாத்தா எல்லாம் தெரியணும்."

"உள்ள என்னென்ன இருக்கு?"

அந்தக் குளிர்காலத்தில் லாரி வேலை அதிகம். அவன் குடிலுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. சிக்னி சனிக்கிழமைதோறும் போகிறவள். விரல் மடக்கிச் சொன்னாள்.

"ரெண்டு பலகைப் படுக்கை. அடுப்பு. பச்ச வாளி. தரையில ஓட்டை. அப்புறம் ஆணியில ஒரு ரோஸ் கோட்டு, முடி வச்ச தொப்பியோட."

ரோஸ் கோட்டு. வென்டெல் ஜன்னல் வழியே தங்கையின் வண்டியைப் பார்த்தான். லைலுக்கு யாரோ இருக்கிறாள் என்று பெட்ரோல் பங்க்கில் ஒரு பேச்சு அடிபட்டது. யாருடைய கோட்டு என்று குழந்தையிடம் கேட்கலாம். கேட்கவில்லை. சொன்னதற்கு மேல் எதையும் கேட்காமல் இருப்பதுதான் தன் நேர்மை என்று வைத்திருந்தான். எழுதினான்: ரோஸ் கோட்டு, முடி வைத்த தொப்பி.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே சிக்னி தாயிடம் எல்லாவற்றையும் அல்ல, குடிலை மட்டும் சொல்லிவிட்டாள். அரைமணியில் தொலைபேசி அடித்தது.

"வேற ஏதாவது பண்ணு," என்றாள் மார்னி.

"அவ கேட்டத செய்யறதுதான் என் வழக்கம்."

"அவளுக்கு எட்டு வயசு."

"பொறந்தநாள் யாருக்கு?"

"அந்த மேசைகிட்ட நிக்கப்போறது நான், வென்டெல். சர்ச்சு ஹால்ல நாப்பது பேர் வருவாங்க. என் புருஷன் என்ன விட்டுட்டு ஐஸ் மேல போய்ப் படுத்துக் கெடக்கான்னு அத்தன பேருக்கும் தெரியும். அத நீ மெழுகுவத்தி கொளுத்தி வேற காட்டணுமா?"

"நான் ஒண்ணையும் காட்டல. சொன்னத செய்யறேன்."

"நீ எப்பவுமே ஒண்ணையும் செய்யறதில்ல. எல்லாம் தானா நடக்குது, நீ சும்மா பக்கத்துல நிக்கற." மறுமுனையில் அவள் மூச்சு வாங்கியது. "சரி, கேட்டுக்கோ. அந்தக் குடில் மேசைக்கு வந்துச்சுன்னா, அதுக்கப்புறம் நீ என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம சாப்பாடு கெடயாது. சிக்னிய ஸ்கேட்டிங் கூட்டிட்டுப் போறதும் கெடயாது. நான் சொன்னா சொன்னதுதான்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். ஒரே வயித்துல பொறந்தவங்கதானே."

அவன் மூன்று மாலை வேலை செய்தான். சுவருக்குக் கெட்டியான வெண்ணெய் கேக், அடுக்கடுக்காக. அதன் மேல் சர்க்கரையைப் பிசைந்து தகடாக உருட்டிப் போர்த்தி, கத்திமுனையால் பலகைக் கோடுகள் கீறினான். ஜன்னலுக்குச் சர்க்கரைப் பாகைக் கொதிக்கவிட்டு மெல்லிய கண்ணாடியாக ஊற்றினான். உள்ளே குண்டுமணி அளவில் ஒரு பேட்டரி விளக்கு. அடுப்பு, படுக்கை, வாளி. தரைத்துளையில் ஏரித் தண்ணீரின் கறுத்த நீலம். கடைசியாக அந்தக் கோட்டு: கட்டைவிரல் நகத்தளவு, தொப்பியின் ஓரத்தில் முடியை ஊசியால் ஒவ்வொன்றாகக் கிளப்பிவிட்டான். எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது எதுவோ குறைந்தது. பிறகு புரிந்தது. அந்த வட்டாரத்தில் ஏரி மேல் நிற்கும் எந்தக் குடிலிலும் உரிமையாளர் பெயர் வெளியே தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏரிக் காவலர் வந்து அபராதம் போடுவார். பெயரில்லாத குடில் அவன் கண்ணுக்குப் பழக்கமில்லை. கிரீம் பிழியும் பையில் மிக மெல்லிய குழல்முனையைப் பொருத்தி, கதவில் கறுப்புச் சர்க்கரையால் எழுதினான்: லைல் ஓப்சால்.

அந்த நேரத்தில் அது வெறும் பழக்கம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை மதியம் வெளியே உறைநிலைக்கு இருபது பாகை கீழே. தன் வண்டியின் பின்பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்த பெட்டியை சர்ச்சின் கீழ்த்தளத்துக்குத் தூக்கி வந்தான். அங்கே உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்ந்து வெந்த வாசனை, பெரிய பாத்திரத்தில் காபி, நாற்பது பேரின் மூச்சு. கண்ணாடி ஜன்னல்களில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பெட்டியை மேசையில் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"தெற," என்றாள் மார்னி.

"ஒரு மணி நேரம் ஆகணும். குளிர்ல இருந்து வந்துருக்கு. இப்பத் தெறந்தா மேல தண்ணி கோத்துக்கும். நெறம் எல்லாம் ஒழுகிடும்."

"எதப் பண்ணிட்டு வந்துருக்க? அத சொல்லு."

"ஒரு மணி நேரத்துல பாக்கப்போற."

சமையலறையை நிர்வகித்த ஆர்டிஸ் என்ற கிழவி, கரண்டியோடு வந்து இருவருக்கும் நடுவில் ஒரு தட்டை வைத்தாள். "கேக்கு மூடியிருக்கறப்ப நீங்களும் கொஞ்சம் மூடிட்டு இருங்க. புள்ளைங்க பாக்குது."

அந்த ஒரு மணி நேரம் மார்னி மேசையை விட்டு நகரவில்லை. அவனும் நகரவில்லை. வந்தவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு காபிக்குப் போனார்கள். அண்ணன் ஒருவேளை மனம் மாறியிருக்கலாம் என்று அவள் எண்ணியிருக்கக்கூடும்; கொஞ்ச நேரம் அவள் முகத்தில் அது தெரிந்தது. அவனும் அதைப் பார்த்தான். அவன் கை பெட்டி மேலேயே இருந்தது.

நேரம் ஆனதும் பெட்டியின் நான்கு பக்கங்களையும் அவன் கீழே மடக்கினான். ஈரம் முழுதும் அட்டைமேல்தான் இருந்தது. குடில் உலர்ந்து, ஜன்னலில் மஞ்சள் ஒளியோடு நின்றது.

முதலில் குழந்தைகள் முட்டிமோதி ஜன்னல் வழியே பார்த்தார்கள். பிறகு பெரியவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் தாழ்ந்த குரலில் கேட்டாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அந்தக் கோட்டு யாரோடது?"

"ஐஸ் மேல குளிரும்ல," என்றான் ஒருவன். யாரோ மூக்கு வழியாகச் சிரித்தார்கள்.

மார்னியின் கழுத்து சிவந்தது. அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அது அம்மாவோடது," என்றாள் சிக்னி, எல்லோரும் ஏன் தன்னிடம் கேட்கவில்லை என்பதுபோல. "நான்தான் பைக்குள்ள வச்சு கொண்டுபோய் மாட்டினேன். அங்க அம்மாவோடது ஒண்ணுமே இல்ல."

கிறிஸ்துமஸிலிருந்து மார்னி அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். லைல்தான் எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டான் என்று பாதி ஊரிடம் சொல்லியும் இருந்தாள். இப்போது நிமிர்ந்தாள். மகளைப் பார்த்து அல்ல, கதவைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுல பேரு எழுதியிருக்கே. இதையும் நீதான் சொன்னியா?"

சிக்னி எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் அவளும் கவனித்தாள்.

"இல்ல. அது மாமாவா போட்டது."

நாற்பது பேரும் வென்டெலைப் பார்த்தார்கள்.

"பேர் இல்லாம குடில் நிறுத்தக் கூடாது," என்றான். குரல் தனக்கே வேறாகக் கேட்டது. "சட்டம் அப்படி."

"கேக்குக்கு அபராதம் போட எந்தக் காவலர் வர்றாரு?" என்றாள் ஆர்டிஸ். இந்தமுறை சிரிப்பு வாய்விட்டு வந்தது, அவனை நோக்கி.

குழந்தை சொன்னதை மட்டும் செய்கிறேன் என்று இத்தனை வருடம் எத்தனையோ தாய்மாரின் முகத்துக்கு நேரே சொன்னவன் அவன். குழந்தை சொன்ன கோட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை. சொல்லாத பெயரைத் தானாக எழுதினான். எழுதும்போது அது பழக்கம்தானா, இல்லை தங்கை நாற்பது பேர் முன்னால் அதைப் படிக்க வேண்டும் என்ற ஆசையா என்று இப்போது தேடிப் பார்த்தான். விடை கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதே தன்னைக் குற்றவாளியாக்கப் போதுமானதாக இருந்தது.

பூச்சைச் சரிசெய்ய அவன் கொண்டுவந்திருந்த தட்டைக்கத்தியை மார்னி எடுத்தாள். கதவில் கத்தியைச் சாய்த்து வைத்து, பலகைக் கோடு சிதையாமல், பெயரை மட்டும் ஒரே இழுப்பில் வழித்தாள். அவளுக்கும் கைவேலை நன்றாகவே வரும். அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கறுப்புச் சர்க்கரையை ஒரு காகிதத் துண்டில் துடைத்து, மடித்து, அண்ணன் கையில் கொடுத்தாள்.

"இது உன்னோடது. எடுத்துட்டுப் போ."

பிறகு கூரையில் எட்டு மெழுகுவத்தி நட்டாள். எல்லோரும் பாடினார்கள். சிக்னி ஊதினாள். குடிலை வெட்டியபோது கோட்டு உள்ள துண்டு சிக்னிக்கு வந்தது. அவள் அதை விரலால் நோண்டி எடுத்து, தின்னாமல், தாயின் தட்டு ஓரத்தில் வைத்தாள். மார்னி அதைத் தின்றாளா இல்லையா என்று பார்க்க வென்டெல் அங்கே இல்லை. படியேறி வண்டிக்குப் போய்விட்டான்.

மார்னி சொன்னால் சொன்னதுதான். ஞாயிறு சாப்பாடு நின்றது. ஸ்கேட்டிங்கிற்கு வேறு யாரோ கூட்டிப்போனார்கள். மார்ச் நடுவில் சட்டப்படி எல்லாக் குடில்களும் ஏரியிலிருந்து கரையேறின. லைல் எங்கோ தெற்கே வேலை தேடிப் போனான். வென்டெல் கேக் செய்வதை நிறுத்தவில்லை. ஆனால் மஞ்சள் தாளில் குழந்தை சொன்னதை எழுதி முடித்ததும், "இது யாரோடது, உனக்கு எதுக்கு வேணும்?" என்று கேட்கத் தொடங்கினான். சில குழந்தைகள் பதில் சொன்னார்கள். சிலர் அவனைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

அடுத்த பிப்ரவரியில் மார்னியின் வண்டி அவன் வாசலில் வந்து நின்றது. ஒன்பதாம் பிறந்தநாளுக்கு வேறு யாருடைய கேக்கும் வேண்டாம் என்று சிக்னி மூன்று வாரம் அடம்பிடித்திருந்தாள். அவள் இறங்கி ஓடிவந்து காலணியைக் கழற்றினாள். வண்டி அணையவில்லை. புகை வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது.

வென்டெல் சட்டைக்கு மேல் ஒன்றும் போடாமல் பனியில் நடந்துபோய் கண்ணாடியைத் தட்டினான். மார்னி விரற்கடை அளவு இறக்கினாள்.

"உள்ள வா," என்றான். "காபி இருக்கு."

"தாய்மாருங்க உள்ள வரக் கூடாதுன்னு உன் சட்டம்ல."

"இன்னிக்கு வரலாம்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் காதுகள் குளிரில் சிவந்துகொண்டிருந்தன.

"எனக்கும் ஒரு சட்டம் இருக்கு," என்றாள். "வாசப்படி ரெண்டு பக்கமும்தான். உன்னோடத நானும் மிதிக்க மாட்டேன். போ, புள்ள காத்துட்டு இருக்கா. அவ சொல்றத மட்டும் எழுது."

கண்ணாடி மேலேறியது. அவன் திரும்பி நடந்தான். ஜன்னலுக்குள் சிக்னி பென்சிலை எடுத்து மஞ்சள் தாளில் தானே எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.