இருபதாவது நட்டு

டிரைவரம்மா வீல் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்து நட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். பிக்கப் வண்டியின் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றுவதை வீட்டு வாசலிலேயே முடித்துவிடுவாள். மறுநாள் சிமெண்ட் மூட்டைகளோடு மலைப்பாதையில் இறங்க வேண்டும். நட்டு தளர்ந்தால் ஆள் மிஞ்சாது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கணவர் படுத்திருந்தார். பக்கவாதத்தில் பேச்சு போனபின், நட்டுகளை எண்ணுவது அவர் பொறுப்பு. ஒன்றை இறுக்கினால் கட்டில் கம்பியில் கரண்டியால் ஒரு தட்டு. தப்பு என்றால் இரண்டு. அன்றும் தட்டு தவறாமல் விழுந்தது.

ஜாக்கியை இறக்கிவிட்டுக் கை துடைத்தபோது இரண்டு தட்டு கேட்டது.

"சும்மா இருங்க. எனக்கு எண்ணத் தெரியாதாக்கும்!"

மறுபடியும் இரண்டு.

"ஐயோ, இந்த மனுஷன் படுத்துக்கிட்டே மேஸ்திரி வேலை பாக்குறாரே!"

குனிந்து பார்த்தாள். பின் இடது சக்கரத்தில் ஒரு நட்டு விரலாலேயே சுழன்றது. அதை இறுக்கியதும் ஒரு தட்டு கேட்டது.

டீயோடு உள்ளே போனாள். கரண்டியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் பிரியவில்லை; கை சில்லென்று விறைத்திருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். "பன்னிரண்டு மணிக்கு முன்னாடியே போயிட்டாரும்மா."

அவள் ஜாக்கியைப் போட்டதே இரண்டு மணிக்கு.

மறுநாள் காலை அதே வண்டியில்தான் அவரை ஏற்றினார்கள். கிளப்பும் முன் அவள் இருபது நட்டையும் இறுக்கினாள், ஒவ்வொன்றுக்கும் சற்று நின்று காது கொடுத்தபடி.