சுவரோரம் அழுத பிள்ளை

தாராவியில் பதினோரு ஆண்டு, வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள் சேசம்மாள். ஒற்றை அறை. விட்டத்தில் நான்கு சேலைத் தொட்டில்கள். எந்தப் பிள்ளை சிணுங்கினாலும் திரும்பிப் பாராமலே கை நீட்டி ஆட்டிவிடுவாள். கை தவறியதே இல்லை.

1964 மழைக்காலத்தில் குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். தலையின் வலப்பக்கம் அடி. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பேச்சும் நடையும் பழையபடிதான் இருந்தன. தொட்டில்கள் மறுபடி ஏறின.

அந்த வாரமே ஒரு மாலை, தோல் பட்டறையிலிருந்து வந்த பூமாரி வாசலில் உறைந்து நின்றாள். இடப்பக்கத் தொட்டிலில் அவள் மகன், உடம்பெல்லாம் செவ்வெறும்பு மொய்க்க, வீறிட்டுக்கொண்டிருந்தான். சேசம்மாளோ வலப்பக்கச் சுவரைத் தடவித் தடவி ஆராரோ பாடிக்கொண்டிருந்தாள்.

"யக்கா! பிள்ள இங்கன கெடந்து கத்துது, நீங்க செவுத்தத் தாலாட்டுதீய!"

"அழுக இங்கனல்லா கேக்கு," என்றாள் சேசம்மாள்.

மறுநாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் அந்த அறையில் மூன்று மாதக் குழந்தையாக இறந்த அவள் மகள் இருதயமேரி கூப்பிடுகிறாள் என்று சந்து முழுக்கப் பேச்சு.

மகன் தனசீலன் ட்ராம்பே அணு நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவன். பிள்ளைகள் இல்லாவிட்டால் அம்மா அதிக நாள் தாங்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் கண்ணைக் கட்டி, அறையின் பல இடங்களில் நின்று டம்ளரைக் கரண்டியால் தட்டினான். இடப்பக்கம் இருபது தட்டு. பதினேழுக்கு அவள் விரல் தயக்கமின்றி வலப்பக்கம் நீண்டது. கைக்கடிகாரத்தின் ஓசை இரண்டு காதிலும் கேட்டது. காதில் பழுதில்லை. ஒலி வரும் திசையைக் கணக்கிடும் இடம் மூளையில் நசுங்கியிருந்தது.

"பேயுமில்ல பிசாசுமில்ல, சித்தி. மிசின் நல்லாருக்கு, முள்ளுதான் தப்பாக் காட்டுது," என்றான் பூமாரியிடம்.

"பெத்தவளப் போய் மிசினுங்கான் பாரு!" என்றாள் பூமாரி. ஆனாலும் கேட்டுக்கொண்டாள்.

அம்மாவின் பலகையை இடச்சுவரை ஒட்டிப் போட்டான். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் தொட்டில்கள் எல்லாம் அவளுக்கு வலப்பக்கம். இனி அழுகை கேட்கிற பக்கத்திலேயே பிள்ளையும் இருக்கும். பிள்ளைகள் திரும்பி வந்தன. இரண்டு வாரம் ஒரு தவறும் இல்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து தனசீலன் வந்தான். பூமாரியின் மகன் தொண்டை கட்ட அழுதுகொண்டிருந்தான். அம்மா பலகையில் மறுபக்கம் பார்த்து, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தொட்டில்கள் இப்போது இடப்பக்கம். வலக் கன்னத்துக்கு நான்கு விரல் தள்ளி, வெறும் சுவர். அழுகை அவளுக்கு அங்கிருந்துதான் கேட்கும். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

"சத்தங் காட்டாதல. தங்கச்சி முழிச்சிருக்கா."

அவள் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினான். எதையோ பின்தொடர்வதுபோல் அவள் கண்கள் சுவரோடு நகர்ந்தன, மூலையைக் கடந்தன, தொட்டிலில் வந்து நின்றன. சிரிப்பு அணைந்தது.

"போயிட்டா," என்றாள். எழுந்து பிள்ளையைத் தூக்கிப் பால் புகட்டினாள்.

மாலையில் பூமாரி வந்தாள். அவன் வாய் திறப்பதற்குள் அம்மாவே சொன்னாள்.

"நாளைலேருந்து பிள்ளைய இங்க கொண்டாராத, தாயி."

"ஏங்க்கா? எல்லாம் சரியாயிட்டுன்னு தம்பி சொன்னானே?"

"அவன் சொன்னது சரிதான். நான்தான் மறுபடியும் திரும்பி உக்காந்துருவேன்."